பன்னிரண்டாம் பெட்டி ஆந்தைக்கு எத்தனை மதிப்பெண்?

கோலா சிலாங்கூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பும் மரியாதையும் நிறைந்த பெர்னடெட் அத்தைக்கு,

மவுரீன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கு எல்லாரும் சுகம். பூனைக்கு மட்டும் ஒரு காதில் புண். கோலாலம்பூரில் நீங்களும் உங்கள் கணினியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் போனில் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். நீங்கள் வேலை செய்த ‘சீலு எலியின் குடும்பம்’ பொம்மைப் படம் எப்படி இருந்தது? அதைப் பார்த்து உங்கள் அண்ணன், அதாவது என் அப்பா, என்ன சொன்னார்? வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் விமர்சனம் ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன். முதலில் நிறை, பிறகு குறை என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே அப்பா பிறகுதான் வருவார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டுப் பொம்மை வரையப் போனீர்கள் என்று மூன்று வருடம் உங்களோடு பேசாமல் இருந்தவர், இரண்டு பத்திகள் காத்திருக்க மாட்டாரா?

நிறைகள்: மழை விட்ட பிறகு செம்பனை மட்டையில் சொட்டும் தண்ணீர் அப்படியே நம் தோட்டம்தான். அம்மா எலி சீலு தூங்கும் முன் ஏழு பிள்ளைகளை எண்ணி, தன்னையும் சேர்த்து எண்ணி, எட்டு வருகிறதே என்று பயப்படுவது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாவற்றையும்விட, நீங்கள் வரைந்த ஆந்தை. அது தலையைத் திருப்பியபோது நானும் கூடவே திரும்பிப் பார்த்தேன். குறைகள்: ஏழு குட்டிகளுக்கும் ஒரே முகம். பாட்டு இரண்டு அதிகம். ஆந்தை ‘ஹூ ஹூ’ என்கிறது; நம் ஆந்தை துணியைக் கிழிப்பதுபோல் அல்லவா கத்தும்? குரல் கொடுத்தது வேறு யாரோ என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மிகப் பெரிய குறை படத்தில் இல்லை, அத்தை, அதை நீங்கள் அனுப்பி வைத்த இடத்தில் இருக்கிறது. எலி கதாநாயகி, ஆந்தை வில்லன். இதைப் போய் இலவசக் காட்சி என்று நம் தோட்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலையை எலி தின்கிறது என்று ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிற ஊர் இது. அந்தப் பெட்டிகளையெல்லாம் மேற்பார்க்கும் மண்டோர் அப்பாதான் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்களா? சீலு முதல் பழத்தைக் கடித்ததுமே குலை வெட்டுகிற சசிகுமார் அண்ணன் எழுந்து, “ஏய், நம்ம பழத்தத் தின்னுது லா!” என்று கத்தினார். ஆந்தை வந்ததும் ஒரே கைதட்டல். சீலு பொந்தில் மாட்டிக்கொண்டு அழுகிற இடத்தில், சோகமாகப் பிடில் வாசிக்கும்போது, திலகா அக்கா, “விடாத, புடி! பின்னால இன்னும் ஏழு இருக்கு!” என்று ஆந்தைக்கு வழி காட்டினார். படம் போட்டுக் காட்ட வந்த மாதவி அக்கா பாவம், “மத்த ஊருல இங்க எல்லாரும் அழுவாங்களே” என்று என்னிடமே கேட்டார். 

இனி அப்பா. படம் போட்ட தோட்ட மண்டபத்துச் சாவி அவரிடம் இருப்பதால் வந்தே ஆகவேண்டியதாயிற்று. “நான் கதவு பூட்டத்தான் வந்தேன், படம் பாக்க இல்ல” என்று வாசலிலேயே நின்றார். ஆந்தை முதல்முறை வந்தபோது கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். இரண்டாம் முறை, நடுவரிசை. மூன்றாம் முறை அது இறங்கும் முன் தலையை இடப்பக்கம் சாய்த்து, ஓர் இறகு மட்டும் உதிர்ந்த சிறகை விரித்ததே, அப்போது அப்பா திரைக்கு முன்னால் போய் நின்று, பாதிப் படம் அவர் சட்டைமேல் ஓட, “இது நம்ம பன்னண்டாம் பெட்டி ஆந்தடா!” என்றார். சசிகுமார் அண்ணன், “உட்காரு மண்டோரே, மறைக்குது” என்று சத்தம் போட, அப்பா திரும்பி, “என் தங்கச்சி வரைஞ்சது, நான் நின்னுதான் பாப்பேன்” என்றார். சிறுவயதில் நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி அந்தப் பெட்டியில் இருந்த, இதேபோல் இறகு போன ஆந்தையைப் பார்ப்பாராமே. அம்மா என் காதில் சொன்னார்.

அதோடு படம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கடைசியில் எலிகள் ஒன்றுசேர்ந்து ஆந்தையைத் தோட்டத்தைவிட்டே துரத்திவிட்டனவே! அப்பாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். “தொரத்திட்டா நாளைக்கு எலிய யாரு புடிப்பா? வரைஞ்சாளே, அவளா வந்து புடிப்பா?” என்று மாதவி அக்காவைக் கேட்டார். வீடு வரைக்கும் அதே பேச்சு. இந்த முடிவுக்கு ஒத்துக்கொண்ட உங்கள் முகத்தில் இனி விழிக்கவே மாட்டாராம். ஆகவே அத்தை, மிகுந்த வருத்தத்துடன் எழுதுகிறேன்: கிறிஸ்துமஸுக்கு இங்கே வருவதை இந்த வருடமும் தள்ளிப்போடுங்கள். படத்துக்கு நான் தரும் மதிப்பெண், நடுநிலையோடு, பத்துக்கு ஆறு.

ஆண்டவர் உங்கள் விரல்களுக்கு வலிமையும் கண்களுக்கு ஓய்வும் தரட்டும்.

உங்கள் அன்பு மருமகள்,
மவுரீன் காப்ரியல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா கடிதத்தைப் படித்துவிட்டார். “தங்கச்சி” என்று தான் சொல்லவே இல்லை என்கிறார். மேலே ஆறை அடித்துப் பத்து என்று சிவப்பு மையில் எழுதியிருப்பது அவர்தான், நானில்லை. “எலிக்கு நீ என்னமும் போட்டுக்க, ஆந்தைக்குப் பத்து” என்றார். ஆனால் கால்விரல்களைத் தப்பாக வரைந்திருக்கிறீர்களாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காமல் வருகிற சனிக்கிழமையே வந்து சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பன்னிரண்டாம் பெட்டியில் இப்போது நான்கு குஞ்சுகள். “அவளே ஏறிப் பாக்கட்டும். ஏணிய நான் புடிச்சிக்கிறேன்னு எழுது” என்கிறார்.