கருவாடு இல்லாத நேரலை

நகைச்சுவை செய்கிறவர்களுக்கு வரக்கூடிய அவமானம் இரண்டு வகை. நாம் செய்வதைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருப்பது ஒன்று. நாம் செய்வதை எல்லோரும் நம்பிவிடுவது இன்னொன்று. முதலாவது எனக்குப் பழகிப்போன விஷயம். இரண்டாவது ஒரே ஒரு தடவைதான் நடந்தது. அதுவும் என் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி வந்துகொண்டிருந்த வழியில்.

அப்போது நான் சிதம்பரத்தில் கல்லூரிக் கடைசி வருடம். லால்பேட்டை தாஜுதீன், கடலூர் முதுநகர் ஜெனிட்டா, நான் மூவரும் சேர்ந்து இணையத்தில் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தோம். சினிமா, சீரியல், பாட்டுப் போட்டி, செய்தி என்று எது கையில் கிடைத்தாலும் கிண்டல் செய்வோம். தாஜுதீன் கதாநாயகனாக பஸ் ஸ்டாண்டில் ஸ்லோமோஷனில் நடந்து வருவான். அவன் வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். ஜெனிட்டா பாட்டுப் போட்டி நடுவராக வந்து எதற்கெடுத்தாலும் அழுவாள். போட்டியாளர் "மேடம், பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாலும் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து நின்று அழுவாள். நான் மாமியார். ஒரே வசனத்துக்கு மூன்று தடவை முகத்தைத் திருப்புவேன். (மூன்றாவது திருப்பலில் கழுத்து பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்தது தனிக்கதை.)

இவற்றையெல்லாம் பார்த்தவர்கள் பெரும்பாலும் எங்கள் வீட்டுக்காரர்கள்தான். என் அப்பா கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்து குளித்துவிட்டு, போனை எட்டப் பிடித்துக்கொண்டு ஒரு வீடியோவை முழுசாகப் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா. காமெடி எப்ப வரும்?" என்பார்.

அக்கா நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே லேபில் இருந்த சரவணனைக் காதலித்தாள். அவருக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அங்கே வயலும் கரும்பும் பார்த்து வளர்ந்த குடும்பம். கடலோரத்தில் பெண் எடுக்க அவர்களுக்கு மனசே இல்லை. முக்கியமாக, அந்தக் குடும்பத்தில் எல்லா முடிவையும் எடுக்கிற பெரியப்பா நடேசனுக்கு. மனிதர் காலையில் டிவியைப் போட்டால் ராத்திரி படுக்கிறவரைக்கும் செய்திதான் பார்ப்பார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவுங்க வீட்டு வாசல்லயே கடலு நிக்குது. நாளைக்கி ஒரு புயலுன்னா நம்ம புள்ள எங்க போயி நிப்பான்?" என்று கேட்டு அவர் ஒரு வருடம் இழுத்தடித்தார். ஒரு வழியாக, கல்யாணத்தைக் கரையிலிருந்து தள்ளி, திருப்பாதிரிப்புலியூரில் மண்டபத்தில் வைப்பது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். நிச்சயதார்த்தத்தன்று எனக்குப் பரீட்சை. அதனால் மாப்பிள்ளை வீட்டில் சரவணனைத் தவிர யாருக்கும் என் முகம் தெரியாது.

கல்யாணம் ஐப்பசியில். அந்த வாரம் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கடலூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மழை வருகிறதோ இல்லையோ, டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ரெயின்கோட்டும் மைக்குமாக நிற்பார்கள். பின்னால் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டிருக்கும், முன்னால் நிருபர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இதைவிட நல்ல சரக்கு எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நான் உட்கார்ந்து நிறைய நேரலைகளைப் பார்த்தேன். கேள்வி முடிந்து சில விநாடி கழித்துத்தான் தலையாட்ட வேண்டும். ஒரு காதைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். "மழை பெய்கிறது" என்று சொல்லவே கூடாது. "மழை பெய்துகொண்டிருப்பதைத்தான் நம்மால் பார்க்க முடிகிறது" என்று சொல்ல வேண்டும். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் "அந்த வகையிலே" என்று ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். தாஜுதீன் சேனலுக்கு 'பதற்றம் டிவி' என்று பெயர் வைத்து ஓரத்தில் ஒரு சின்னமும் போட்டான்.

படம் எடுத்த அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். அதுதான் காமெடியே. வலது பக்கம் நான், ரெயின்கோட்டில் தொப்பலாக நனைந்து, குடை திரும்பிக்கொண்டு அலறுவேன். தாஜுதீன் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வாளித் தண்ணீரை என்மேல் மொண்டு மொண்டு ஊற்றினான். என் தாய்மாமா தூண்டில் நரம்பைக் குடையில் கட்டி இழுத்தார். இடது பக்கம், எனக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில், ஜெனிட்டா காய்ந்த மணலில் உட்கார்ந்து கருவாடு காயவைத்துக்கொண்டிருப்பாள். நான் "கடல் ஊருக்குள் புகுந்துகொண்டிருப்பதைத்தான் பார்க்க முடிகிறது" என்று கத்தும்போது, அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு கருவாட்டைத் திருப்பிப்போடுவாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பிறகு காக்கையை விரட்டுவாள். எங்கள் சேனலிலேயே உருப்படியாக வந்த வீடியோ அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாஜுதீன் அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வெளியிட்டான். ஆர்வம் தாங்காமல், போனில் ஸ்டேட்டஸ் வைப்பதற்காக நெட்டுக்குத்தாக வெட்டி ஒரு சின்னத் துண்டும் செய்தான். நெட்டுக்குத்தாக வெட்டும்போது நடுவில் யாரையாவது வைத்துத்தானே ஆக வேண்டும்? என்னை வைத்தான். ஜெனிட்டா போனாள். கருவாடு போனது. வெயிலடித்த மணல் போனது. பதற்றம் டிவியும் போனது. மிச்சம் இருந்தது நான், மைக், தண்ணீர், "கடல் ஊருக்குள்."

மத்தியானம் வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் அக்காவுக்கு மேக்கப் நடந்தது. பக்கத்து நாற்காலியில் எனக்கும் ஒரு கண்ணுக்கு மை தீட்டியிருந்தார்கள். அக்காவின் போன் அடித்தது. மறுமுனையில் சரவணன்.

"பிரியா, கடலூர்ல கடலு உள்ள வந்துடுச்சாமே?"

"எங்க உள்ள? மண்டபத்துல ஏசி ஓடிகினு இருக்கு."

"இங்க எல்லாரு போன்லயும் வீடியோ வந்துருக்கு. நான் இன்னும் பாக்கல. கோயிலுக்குப் போயிட்டு வரலாம்னு சிதம்பரத்துல எறங்குனோம். பெரியப்பா இதப் பாத்துட்டு பஸ்ஸ எடுக்கவுட மாட்டன்றாரு. திரும்பி ஊருக்கே போயிடலாம்ன்றாரு."

அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் என் குரலே கேட்டது: "அந்த வகையிலே..."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "நீயே போயி இட்டுகினு வா," என்றாள்.

அவசரத்துக்குக் கிடைத்தது மாமாவின் குட்டி யானைதான். மீன் ஏற்றுகிற வண்டி. முன்னால் மாமாவும் நானும் ஜெனிட்டாவும், பின்னால் மீன் கூடைகளோடு தாஜுதீன். நான் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, ஒரு கண்ணில் மட்டும் மை. வழியெல்லாம் ஜெனிட்டா ஒரே புலம்பல். அவள் கவலை கல்யாணம் நிற்பதைப் பற்றி அல்ல.

"என்ன வெட்டுனதாலதான்டி இவ்ளோவும். நான் இருந்திருந்தா ஒருத்தனாவது நம்பியிருப்பானா?"

சிதம்பரம் கீழ வீதியில் பஸ் நின்றது. போதாக்குறைக்கு லேசாகத் தூறல் வேறு. நான் ஏறினதும் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா வாயைப் பிளந்தார்.

"டிவி பொண்ணுடீ!"

பஸ்ஸே எழுந்து பார்த்தது. யாரோ எனக்கு இடம் விட்டார்கள். யாரோ துண்டு கொடுத்தார்கள். அந்த அம்மா என் கையில் புளியோதரைப் பொட்டலத்தை வைத்து, "மொதல்ல சாப்புடு, எப்பிடித் தப்பிச்சி வந்த?" என்றார்.

"தப்பிச்சிலாம் வரலீங்க. அது சும்மா காமெடி."

"அங்க எங்க சம்மந்தி வீடு ஒண்ணு இருக்கு. அது இருக்குதா?"

"அது எங்க வீடுதாங்க. நான் பொண்ணோட தங்கச்சி."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம். வீடு போனாலும் பரவாயில்லன்னு டிவி வேலைய பாக்குது பாரு."

கடைசி சீட்டிலிருந்து சரவணன் எட்டிப்பார்த்தார். மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். (அதற்குள் அக்கா போனில் சொல்லி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் பெரியப்பா முன்னால் மாப்பிள்ளை வாய் திறக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.)

பெரியப்பா கீழே இறங்கினார். தாஜுதீன் முழு வீடியோவை அவரிடம் காட்டினான். அவர் வெயிலையும் கருவாட்டையும் கவனமாகப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு வெயில ஒட்டவச்சி எடுத்தாந்துருக்கீங்க."

"அல்லாவே, ஒட்டல பெரியப்பா! வெட்டுனதுதான் நான்!" என்று தாஜுதீன் கிட்டத்தட்ட அழுதான்.

"எதுய்யா நெசம்? தண்ணியா, வெயிலா? கண்ணால பாக்காம எங்க புள்ளய நான் கடல்கிட்ட கூட்டிகினு போவ முடியாது."

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "சரி, கண்ணாலயே பாருங்க," என்றேன்.

கீழ வீதியில், தேர் ஓடுகிற தெருவில், கல்யாண வீட்டுப் பட்டுப்புடவையோடு நான் அந்தக் காட்சியை மறுபடி நடித்தேன். மைக்குக்குப் பதில் யாருடையதோ டார்ச் லைட். பெரியப்பாவின் குடையையே வாங்கி மாமா அதில் கயிறு கட்டினார். தாஜுதீன் குடிதண்ணீர்க் கேனைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு என்மேல் ஊற்றினான். முதல் ஊற்றலிலேயே மல்லிகை தொங்கிவிட்டது. இரண்டாவதில் ஒற்றைக் கண் மை கன்னத்தில் இறங்கியது. "அந்த வகையிலே, கடல் ஊருக்குள் புகுந்துகொண்டிருப்பதைத்தான்..." என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு வெளியூர்க்காரர் நின்று, எந்தக் கோயில் வேண்டுதல் என்று விசாரித்தார்.

அப்போது ஜெனிட்டா வண்டியிலிருந்து ஒரு மீன் கூடையை எடுத்து என் பக்கத்தில் கவிழ்த்தாள். கீழே உட்கார்ந்தாள். இல்லாத கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். திருப்பிப்போட்டாள். நான் குடையோடு தள்ளாடி அவள்மேல் சாய்ந்தபோது, தலையைத் தூக்காமலே, "அந்தாண்ட தள்ளி நின்னு கத்து, வெயில மறைக்காத," என்றாள். அது ஸ்கிரிப்டிலேயே கிடையாது. பிறகு தூறலில் வராத காக்கையைக் கையை வீசி, "சூ!" என்று விரட்டினாள்.

புளியோதரை கொடுத்த அம்மாதான் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர். பிறகு பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றாகச் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் போனில் வந்திருந்த துண்டு வீடியோவைப் போட்டு, அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கையால் ஜெனிட்டாவை மறைத்தார். கையை எடுத்தார். மறுபடி மறைத்தார். கடைசியில் தாஜுதீனிடம் கேட்டார்:

"இந்தப் பொண்ண ஏம்பா வெட்டுன?"

"நானும் காலையிலேர்ந்து அதத்தான் பெரியப்பா கேட்டுகினு இருக்கேன்," என்றாள் ஜெனிட்டா.

அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுங்க," என்றார்.

வரவேற்பு தாமதமாகத்தான் தொடங்கியது. மண்டப வாசலில் அப்பா நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்த என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"டிவிக்காரன எவ்ளோ வேணா கிண்டல் பண்ணும்மா. கடல ஊருக்குள்ள வரவைக்காத. வந்து பாத்தவுங்க நாம."

சுனாமியன்று நான் கைக்குழந்தை. எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. புடவையைப் பிழிந்துகொண்டு நின்றேன். அந்தத் துண்டு வீடியோவை அழிக்கச் சொன்னேன். தாஜுதீன் அழித்தான். ஆனால் அதற்குள் அது எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் எங்கிருந்தாவது யாராவது எனக்கே அனுப்பி, "ஜாக்கிரதையா இருங்க" என்கிறார்கள்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் பார்த்தேன். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், முழு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தோள் குலுங்கியது. "காக்கா வெரட்டுறா பாருங்க சம்மந்தி, காக்கா," என்றார். என் நடிப்பைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் எந்தச் செய்தியைச் சொன்னாலும், போட்டோவைக் காட்டினாலும், "ஓரத்துல என்னா இருக்கு?" என்று கேட்பார்கள். எனக்கு வேலை கிடைத்த ஆர்டரைக் காட்டினேன். அம்மா அதன் விளிம்பைத் தடவிப்பார்த்து, "முழுசாத்தான் அனுப்புனாங்களா?" என்றார். பேரன் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தபோது பெரியப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் பார்த்தார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதேதான். ஒரு போட்டோ வந்தது. பையன் கூலிங்கிளாஸ் போட்டு, ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெரியப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓரத்துல வெட்டிருக்கான். முழுசா அனுப்பச் சொல்லுங்க."

எனக்கு மானம் போயிற்று. யாராவது பெண் வீட்டில் இப்படிக் கேட்பார்களா? ஆனால் பையன் கோபித்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் முழுப் படத்தையும் அனுப்பிவிட்டான். காரின் மறுபக்கக் கண்ணாடியில் ஷோரூம் விலைச் சீட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு சேல்ஸ்மேன், "சார், சாயாதீங்க" என்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். "கேட்டதும் மறைக்காம அனுப்பிட்டான். நல்ல பையன். முடிச்சிடலாம்," என்றார்.

முடித்துவிட்டோம். கார் இன்னும் வாங்கவில்லை.