ஏழாம் எண்ணும் பன்னிரண்டாம் எண்ணும்

ஆடி மாதத்தின் நடுவாரம், முற்பகல் பதினொரு மணி. மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று, ராஜபாளையத்து மாடிகளில் காய்ந்த துணிகளைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் விஜயபாண்டி அடுக்களை வாசலில் நின்று ஒரு கொள்கையை வெளியிட்டான். ஒருவன் எந்த மொழியில் கணினி நிரல் எழுதுகிறான் என்று தெரிந்தால் போதும், அவனுடைய மூளையின் எடையைச் சொல்லிவிடலாம் என்பதே அக்கொள்கை.

விஜயபாண்டியும் அவன் நண்பன் எலியேசரும் அந்த வீட்டு மாடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்திவந்தார்கள். அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்டவள் விஜயபாண்டியின் மனைவி மாரீஸ்வரி. பி.சி.ஏ. படித்தவள், திருமணத்துக்கு முன் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள், மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் பைத்தான் மொழியைத் தானாகவே கற்றுத் தேர்ந்தவள். வீட்டுக்குள்ளேயே இருந்து மூளை துருப்பிடிக்கிறது என்று அவள் சொன்னதற்கு மறுமொழியாகத்தான் மேற்படிக் கொள்கை வந்தது.

"ஏட்டி, பைத்தான்னா கடை மாவு மாதிரி. வாங்குனமா, ஊத்துனமான்னு போயிரும். ரஸ்ட் எழுதுறவனுக்குத்தான் மூளை இருக்கும்."

"அப்போ மிக்ஸில அரைக்கிறவளுக்குப் புத்தி கம்மி, அம்மியில அரைக்கிறவளுக்குப் புத்தி ஜாஸ்தி. அப்படித்தானே?"

"அதேதான்."

"நல்லதாப் போச்சு. நாளையிலேருந்து சட்னி அம்மியிலதான். அரைக்கிறது நீங்க."

விஜயபாண்டி மாடிக்குப் போய்விட்டான். உண்மையைச் சொல்வதானால், ரஸ்ட் மொழி அவனுக்கே அரைகுறையாகத்தான் வரும். தனக்குப் புரியாததையெல்லாம் ஆழமானது என்று மதிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. இப்பழக்கம் படித்தவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

விண்ணப்பித்தவர்களுக்கு ஒரே தேர்வு. வத்திராயிருப்பு, மகாராஜபுரம், மம்சாபுரம் ஆகிய ஊர்களிலிருந்து ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேனுக்கு வழி வகுக்கும் நிரல் ஒன்று எழுத வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். பெயரைப் பார்த்தால் ஊரும் உறவும் விசாரிக்கத் தோன்றும் என்று, எலியேசர் விடைகளில் பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்டு விஜயபாண்டிக்கு அனுப்பினான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெயர் மறைந்ததும் விஜயபாண்டி மொழியில் குலம் பார்க்கத் தொடங்கினான்.

ஏழாம் எண்ணின் விடை பைத்தானில் இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அதை மனைவிக்கு விளக்கிச் சிரித்தான்.

"வேன் எல்லாரையும் ஏத்திட்டு, கடைசியா மம்சாபுரத்துல போய் டிரைவர ஏத்துதாம். அதுவரைக்கும் வண்டிய ஓட்டுனது யாரு, இவன் தாத்தாவா? 'வேற தொழில் பாருங்க'ன்னு ஒரு வரி அனுப்பிட்டேன்."

மாரீஸ்வரி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் பன்னிரண்டாம் எண் வந்தது. ரஸ்ட். அதிலும் வேன் கடைசியாக மம்சாபுரத்துக்குப் போய் ஓட்டுநரை ஏற்றியது. விஜயபாண்டி கை கழுவவும் மறந்து உட்கார்ந்திருந்தான்.

"டிரைவரையும் ஒரு பயணியா நெனச்சிருக்கான் பாரு. நாளைக்கு டிரைவர் இல்லாமலே வண்டி ஓடும்ல, அதுக்கு இப்பவே எழுதிட்டான். மேதை."

"நேத்து ஏழாம் நம்பரும் அதைத்தானே செஞ்சிருந்தான்?"

"அவன் தெரியாம செஞ்சான். இவன் தெரிஞ்சு செஞ்சிருக்கான்."

மேதையை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உணவகத்தில் சந்திக்கலாம் என்று எலியேசர் ஏற்பாடு செய்தான். ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுநாள் அது. மாரீஸ்வரி, கூட்டம் குறைந்திருக்கும், ஆண்டாளைச் சேவித்து வருகிறேன் என்று காலையிலேயே பேருந்து ஏறிவிட்டாள். விஜயபாண்டி புதுச்சட்டை அணிந்து, உச்சிப்பொழுதுக்கு உணவகத்துக்குள் நுழைந்தபோது, அவனுக்காக ஒதுக்கிய மேசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு பெரிய ஆள் வரும் நேரத்தில் வீட்டுக்காரியோடு உட்கார்ந்திருந்தால் நன்றாயிராது என்று குனிந்து சொல்லி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைக்கு அவளை அனுப்பினான். அவளும் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து எலியேசர் வந்தான்.

"ஏலே, தங்கச்சிய ஏன் அங்க உக்கார வச்சிருக்க?"

"மேதை வரணும்ல."

"அதத்தான்ல கேக்கேன். மேதைய ஏன் குழாயடியில உக்கார வச்சிருக்க?"

விஜயபாண்டிக்குக் காது மடல் சுட்டது. மாரீஸ்வரி திரும்பி வந்து எதிரே அமர்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

"பைத்தான்ல எழுதுனது நான். அதை அப்படியே ரஸ்ட்டுக்கு மாத்துனது ஏ.ஐ. ஒரு நிமிசம்கூட ஆகல. எலியேசர் அண்ணங்கிட்டச் சொல்லித்தான் ரெண்டு நம்பர் வாங்குனேன்."

"அந்த டிரைவர்?"

"வேணும்னேதான் வச்சேன். நீங்க நிரலைப் படிக்கியளா, மொழியப் படிக்கியளான்னு பாக்கணும்ல."

அவன் தலை குனிந்தான். தான் உதிர்த்த ஒவ்வொரு சொல்லும், தாத்தா முதல் மேதை வரை, வரிசையாக நினைவுக்கு வந்தது. அவற்றையெல்லாம் அவளிடமே, அவள் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே சொல்லியிருக்கிறான். பரிமாறுபவர் வந்து நெய் ஊற்றவா என்று கேட்டார். அவன் குனிந்தபடியே தலையாட்டினான்; மூன்று இலைகளிலும் நெய் விழுந்தது.

"வேலைக்கு நாளைக்கே வாரேன்," என்றாள் மாரீஸ்வரி. "ஆனா அதுக்கு முன்னாடி ஏழாம் நம்பர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"அதுவும் நீதானே?"

"நான் இங்க பன்னெண்டு. எலை போட்டு, நெய் ஊத்தி உக்கார வச்சிருக்கிய. வேற தொழில் பாக்கச் சொன்னது ஏழு. அவ அன்னைக்கு ராத்திரி தூங்கல."

கடைசி வாக்கியத்தை அவள் சிரிக்காமல் சொன்னாள். எலியேசர் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தப்புதான் மாரி," என்றான் விஜயபாண்டி, மெதுவாக.

"எனக்குக் கேட்டுருச்சு. ஏழுக்குக் கேக்கல."

அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு அவன் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றைய சாப்பாட்டுக்கு எலியேசர் பணம் கொடுத்தான். பன்னிரண்டாம் எண்ணுக்கு ஆவணிக் கடைசியில் நிறுவனம் முதற்சம்பளம் கொடுத்தது. ஏழாம் எண்ணுக்கு, மனத்தாங்கல் தீர, ஐப்பசியில் தீபாவளிக்கு முன் விஜயபாண்டி தன் கைக்காசில் ஒரு பருத்திப் புடவை எடுத்துக் கொடுத்தான். ஏழாம் எண் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால், மறுநாள் பட்டுப் புடவைக்கும் அவனே பணம் கொடுத்தான்.