ஒரிஜினல் தோல் சீட்டும் மதுரைக்காரர் வேட்டியும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும், மதுரையில இருந்து வர்ற சொக்கலிங்கத்தை வண்டியில ஏத்திக்கிட்டு கம்பெனிக்கு வரணும். அவ்வளவுதான்.

இது அறுபதுகளோட நடுவுல நடந்தது. திருப்பூர்ல அப்பத்தான் சொந்தமா பனியன் கம்பெனி போட்டிருந்தேன். கம்பெனின்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. ஊட்டுக்குப் பின்னால ஒரு ஓட்டுச் சாளை, அதுக்குள்ள துணி பின்னற மெஷினு ரெண்டு.

சொக்கலிங்கம் மதுரையில பெரிய ஜவுளிக்கடைக்காரர். அவர் வந்து துணியப் பாத்து சரின்னுட்டா மழைக்காலம் பூரா மெஷினு ஓடும். இல்லீன்னா ஒரு மெஷினை வித்துப்போடறதுன்னு நானும் எம்பட சம்சாரம் சரசும் பேசி வெச்சிருந்தோம்.

இப்ப வண்டியப் பத்திச் சொல்லணும். ஒலகச் சண்டை முடிஞ்சப்ப வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்துல உட்ட மோட்டார் சைக்கிள் அது. நாலஞ்சு கை மாறி எங்கிட்ட வந்துச்சு. டேங்குல முழங்கால் படற எடத்து ரப்பரு, மைல் கணக்குல ஓடற மீட்டரு, நட்டு, போல்ட்டு எல்லாமே சீமையில இருந்து வந்தபடி அப்படியே இருந்துச்சு.

ஒருக்கா திருகாணி ஒண்ணு கழண்டு உழுந்துருச்சு. பெருமாநல்லூர் ரோட்டுல வந்த வழியே குனிஞ்சுக்கிட்டே நடந்து தேடினேன். அதே அளவு திருகாணி கோயமுத்தூர்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஆனா அது ஒரிஜினல் இல்லீங்களே.

சீட்டும் அப்படித்தான். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டும் அசல் தோலு. என்ன, வெயில்ல காஞ்சு, கறுப்பெல்லாம் போயி, சாம்பல் பூத்தாப்பல இருந்துச்சு.

"செவப்பு ரெக்ஸின் போட்டுறலாமுங்க. ஓரத்துல வெள்ளை பார்டர் குடுத்தா கல்யாண வண்டியாட்டம் இருக்கும்"னான் மெக்கானிக் மணியன்.

நான் அவனை ஏற எறங்கப் பாத்தேன். "மணியா, இந்தத் தோலு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"மாட்டுல இருந்துங்க."

அதுக்கு மேல அவங்கிட்ட என்ன பேசறது?

நானே வைத்தியத்துல எறங்கிட்டேன். வெளக்கெண்ணெயில வெளக்குக் கரியக் கொழைச்சு, மொத நாள் சாயங்காலமே ரெண்டு சீட்டுக்கும் தடவினேன். தோலு குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானும் தடவிக்கிட்டே இருந்தேன். காலையில பாத்தா கண்ணாடியாட்டம் மின்னுது.

சரசு வந்து ஒரு விரல்ல தொட்டுப் பாத்தா. "ஏனுங்க, ஒட்டுதுங்களே?"

"அது ஷைனிங் அம்மிணி."

"ஷைனிங் கையில வருமுங்களா?"

"ஒரிஜினல் தோலுன்னா வரும்."

அன்னிக்கு பஸ் வர நேரமாயிருச்சு. பங்குனி வெயிலு. வண்டிய வேப்பமரத்து நெழல்ல நிறுத்தியிருக்கலாம். நாலு பேரு பாக்கட்டுமேன்னு நட்ட நடு வெயில்ல நிறுத்திட்டு, நானும் பக்கத்துல நின்னுக்கிட்டேன். சீட்டு மேல எண்ணெ முத்து முத்தா வேர்த்துச்சு. மெருகு கூடுதுன்னு நெனைச்சேன்.

சொக்கலிங்கம் எறங்கினாரு. ஆளு நல்ல வாட்டசாட்டம். அத்தனை தூரம் பஸ்ஸுல வந்தும் வேட்டியில ஒரு மடிப்புக் கலையல. அப்படி ஒரு வெள்ளை.

"என்னய்யா பொன்னுச்சாமி, வண்டியெல்லாம் பலமா இருக்கு?"

"பட்டாளத்து வண்டிங்க. சீட்டு உள்பட அசல்."

"நல்லா மெத்துன்னுதான்யா இருக்கு"ன்னு ஏறி உக்காந்தாரு.

போற வழியில காதர்பேட்டையில ரெண்டு துணிக்கடையில வெலை விசாரிக்கணும்னாரு. சரின்னு வண்டிய ஓரமா நிறுத்திட்டு, ரெண்டு பேரும் தோளோட தோள் சேந்து தெருவுல நடந்தோம்.

எங்க பாத்தாலும் எங்களைத்தான் பாக்கறாங்க. மூட்டை தூக்கறவங்க மூட்டைய எறக்கி வெச்சுட்டுப் பாத்தாங்க. கடைக்குள்ள இருந்தவங்க வெளிய வந்து பாத்தாங்க. வண்டியோட பெருமை நமக்கு முன்னாலயே வந்துருச்சாட்டம் இருக்குதுன்னு மீசையத் தடவி உட்டுக்கிட்டேன்.

டீக்கடைக்காரர் ஒருத்தரு ரொம்ப மரியாதையாப் பக்கத்துல வந்து, மெதுவாக் கேட்டாரு. "ஏனுங்க, பின்னால பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. பின்னாலயும் ஒரிஜினல்தான்."

அவரு கடைக்கே திரும்பிப் போயிட்டாரு.

கம்பெனிக்கு வந்து, "நீங்க முன்னால போங்க"ன்னு சொக்கலிங்கத்தை உட்டப்பத்தான் பாத்தேன். அந்த வெள்ளை வேட்டியில, உக்கார்ற எடத்துல, அச்சுக் குத்தினாப்பல ரெண்டு கறுப்பு வட்டம்.

"ஐயா, வேட்டியில சின்னதா ஒரு அழுக்குங்க."

அவரு துணிய முன்னால இழுத்துப் பாத்தாரு. அப்புறம் என்னைய ஒரு சுத்து திரும்பச் சொன்னாரு. திரும்பினேன்.

"உனக்கும் அதே அளவுதான்யா"ன்னாரு.

சரசு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா.

உடனே புது வேட்டி வாங்கியாறேன்னு கெளம்பினேன். சொக்கலிங்கம் ஒத்துக்கல. "இது மாப்பிள்ளை எடுத்துக் குடுத்த வேட்டிய்யா. வேற கட்டிக்கிட்டுப் போயி எறங்கினா வீட்டுல ஆயிரம் கேள்வி கேப்பாக. இதையே வெளுத்துக் குடு."

அதுக்கென்ன, பக்கத்துலயே சலவைப்பட்டறை. பட்டறைக்காரர் ராக்கியப்பன் வந்து பாத்தாரு. "இதென்ன பெரிய கறைங்க? வாழைக்கறையே எங்க தொட்டியில நின்னதில்ல."

வேட்டி பட்டறைக்குப் போயிருச்சு. அதுவரைக்கும் அவரு எதைக் கட்டறது? என்னோடது நாலு முழம். அவரு இடுப்பச் சுத்தி வந்து முன்னால சொருகறதுக்குக் கூட மிச்சமில்ல.

கடைசியில மெஷின்ல இருந்து அறுத்த பனியன் துணியக் குடுத்தேன். அது குழாயாட்டமே வர்ற துணி, மூட்டுத் தையலே இருக்காது. கால உட்டு மேல இழுத்தா இடுப்புல கவ்விக்கிச்சு. கணுக்கால் வரைக்கும் ஒடம்போட ஒட்டி நின்னுச்சு. மதுரையில பெரிய ஜவுளிக்கடைக்காரரு, எங்க சாளையில தலகாணி உறையாட்டம் நின்னாரு.

நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒரு மெஷினை இல்ல, ரெண்டையும் வித்துற வேண்டியதுதான்னு தோணுச்சு.

அவரு பெஞ்சுல உக்காந்தாரு, எந்திரிச்சாரு. சாளைக்குள்ள இப்பிடியும் அப்பிடியும் நடந்தாரு. குந்திப் பாத்தாரு. சரசு குடுத்த காப்பியச் சம்மணம் போட்டு உக்காந்து குடிச்சாரு. முழங்காலு கிட்ட துணிய இழுத்து இழுத்து உட்டாரு.

ரொம்ப நேரங்கழிச்சு ராக்கியப்பன் வந்தாரு. எம்மூஞ்சியப் பாக்காமயே, "வேட்டி நல்லா வெளுத்திருச்சுங்க"ன்னு விரிச்சாரு.

வெளுத்துத்தான் இருந்துச்சு. கண்ணு கூசற வெள்ளை. அதனால ரெண்டு வட்டமும் முன்னைக் காட்டியும் இப்ப எடுப்பாத் தெரிஞ்சுது.

"இன்னொருக்கா முக்கட்டுங்களா?"

"வேண்டாய்யா"ன்னாரு சொக்கலிங்கம். "இதுக்கு மேல வெளுத்தா வட்டம் மட்டுந்தான் மிஞ்சும்."

சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. நானும் சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம பாதி சிரிச்சு வெச்சேன்.

அப்புறந்தான் சொன்னாரு. "இத்தனை வருசமா துணிய வெரல்ல தேச்சுப் பாத்தே வாங்கிட்டேன். உள்ளுக்குள்ள உக்காந்து பாத்தது இன்னிக்குத்தான். குந்தினேன், சம்மணம் போட்டேன், ஒரு எழை பிரியலய்யா. அனுப்பி வை, எடுத்துக்கிறேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சரசுதான் உள்ள இருந்து, "ரொம்ப சந்தோசமுங்க"ன்னா. அவளே காதர்பேட்டைக்குப் போயி எட்டு முழ வேட்டி ஒண்ணு வாங்கியாந்து குடுத்தா. வீட்டுல என்ன கேட்டாலும் கேக்கட்டும்னு அவரு அதையே கட்டிக்கிட்டு, மாப்பிள்ளை வேட்டிய மடிச்சுக் காகிதத்துல சுத்திக்கிட்டாரு.

"பஸ் ஸ்டாண்டுக்கு வண்டிய எடுக்கட்டுங்களா?"ன்னேன்.

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுய்யா"ன்னு அவரு அப்பவே தெருவுல எறங்கிட்டாரு.

அவரு தலை மறைஞ்சதும் சரசு எம்பக்கத்துல வந்து நின்னா.

"ஏனுங்க, அடுத்த மாசம் துணி பாக்கத் திருச்சிக்காரரு வர்றாருன்னீங்களே. அவருக்கு சீட்டுல எதைத் தடவறதா இருக்கறீங்க?"