பதினேழு வளைவும் நாலு சீட்டும்

போடி மார்க்கெட்டில் எனக்கு நல்ல கண் என்று ஒரு பேர் உண்டு. பதினெட்டு வருடமாக ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை. உள்ளங்கையில் பத்துக் காயைப் போட்டால், எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் முந்திப் பறித்தார்கள், காயவைத்தவர் அவசரக்காரரா பொறுமைசாலியா என்பது வரை சொல்லிவிடுவேன். (பாதி சரியாக இருக்கும். மீதியை யாரும் போய் விசாரிப்பதில்லை.) அந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். இதை நானே முன்வந்து சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் என் வீட்டில் யாராவது இன்னும் கூட்டிச் சொல்வார்கள்.

வீட்டில் கார் தேவைதான். என் மனைவி கவிதாவுக்குச் சொந்த ஊர் சிலமலை. அவள் தம்பி பிரபுவுக்குப் பெண் பேசியிருந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில். இனிமேல் மலைக்குப் போக்குவரத்து அதிகமாகும், ஜீப்பில் பதினைந்து பேரோடு நெருக்கியடித்துப் போக முடியாது என்று கவிதா சொன்னாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நாலு பேரு உக்காரணும். அம்புட்டுத்தான்."

எனக்கு வேறோர் ஆசை இருந்தது. ஆறு மாதமாகச் செல்போனில் வேகமான கார்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டி எத்தனை வினாடியில் நூறைத் தொடும் என்பது எனக்கு மனப்பாடம். கடையிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் இருபத்தைந்துக்கு மேல் போகாத ஆள் நான். அதற்கு மேல் போனால் கண்ணில் தண்ணீர் வரும்.

தேனியில் ஒரு பெரிய வண்டி பார்த்தோம். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். "பிக்கப் இல்ல" என்று உதட்டைப் பிதுக்கினேன். கம்பத்தில் ஒரு சிவப்பு வண்டி பார்த்தேன், இரண்டே சீட்டு. "புள்ளைய எங்க வைக்கிறது, டிக்கியிலயா?" என்று கவிதா கேட்டாள். எங்கள் மகள் ஆனந்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. வேகமும் வேண்டும், நாலு சீட்டும் வேண்டும், விலையும் கைக்கு எட்ட வேண்டும். இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ராசிங்காபுரத்தில் ஒரு தம்பி தன் வண்டியை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. டர்போ எஞ்சின், இரண்டு கதவு, நாலு சீட்டு. வெளிநாட்டு வண்டி. கவிதாவுக்கு நாலு சீட்டு என்பதை மட்டும் சொன்னேன்.

தனியாகத்தான் போனேன். மெக்கானிக்கைக் கூட்டிப் போகச் சொன்னாள். எனக்கு எதற்கு மெக்கானிக் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தென்னந்தோப்பு ஓரம் வண்டி நின்றது. நிழலில் நின்றதால் வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். (காயைப் பார்ப்பதும் அப்படித்தான். நிழலில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சை.) சுற்றிவந்தேன். தட்டிப் பார்த்தேன். டிக்கியைத் திறந்தேன். அங்கேதான் எல்லாம் முடிந்தது.

உள்ளே ஒரு துணிப்பையில் அரைக் கிலோ ஏலக்காய். நான் காரை மறந்துவிட்டேன். ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்தேன். ஒரே அளவு, ஒரே பச்சை, ஒரு வெடிப்பு இல்லை. ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். காய் அவ்வளவு பக்குவமாக உலர்ந்திருந்தது. காயை இவ்வளவு கவனமாகக் காயவைக்கிறவன் காரை எவ்வளவு கவனமாக வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறதா, அது அவன் காய்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, குனிஞ்சு அடியில ஒருதடவ பாத்துக்கங்கண்ணே" என்றான் அவன். "ஸ்பிரிங்க வெட்டி எறக்கியிருக்கேன். ரோட்டோட ஒட்டி நிக்கும்."

"ஒட்டித்தான தம்பி நிக்கணும்" என்றேன் வாயில் ஏலக்காயோடு.

சிலமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மேடு பள்ளமில்லாத ரோடு, அவனும் நானும் மட்டும். மிதித்ததும் முதுகு சீட்டில் அப்பிக்கொண்டது. ஒரு வேகத்தடையில் அடியில் கரகரவென்று உரசியது. "கல்லு கிடந்திருக்கும்" என்றேன். பின்சீட்டில் நான் உட்கார்ந்தே பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், இரண்டு இருந்தது.

வண்டி வாங்கிய அடுத்த வாரம் பிரபுவுக்குக் கல்யாணம், பெண் வீட்டு எஸ்டேட் கோயிலில்.

இதில் கவிதாவுக்கு ஒரு பங்கு உண்டு. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். கவிதாவுக்கும் பிரபுவுக்கும் அம்மா சீக்கிரமே போய்விட்டார். தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதிலிருந்து எல்லாம் கவிதாதான். அவன் கால்சட்டை போட்டுத் திரிந்த காலத்திலேயே "ஒன் பொண்டாட்டிக்கு நாந்தான்டா முடிச்சுப் போடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தவள். அந்த இரண்டு முடிச்சுக்காக அவள் இருபது வருடமாகக் காத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் முந்தின நாளே ஜீப்புகளில் மலையேறிவிட்டார்கள். கவிதாவும் அவர்களோடு போவதாகத்தான் இருந்தாள். நான்தான் தடுத்தேன்.

"கார வச்சுக்கிட்டு எதுக்கு ஜீப்புல போற? காலையில ஏழரைக்குக் கெளம்புனா எட்டரைக்குக் கோயில்ல இருப்ப. ஒம்பதரைக்குத்தான தாலி கட்டு?"

"கண்டிப்பாப் போயிருவோமா?"

"நீ சேலை மடிப்பு கலையாம எறங்குவ பாரு" என்றேன். மடிப்பைப் பற்றி நான் சொன்னது இன்றுவரை நினைவில் வைக்கப்பட்டிருக்கிறது.

நாலாவது சீட்டுக்கு ராசாத்தி அத்தை வந்தார். என் மாமியாரின் தங்கை, கவிதாவுக்குச் சித்தி. முட்டி வலியால் ஜீப்பில் ஏற முடியாதவர். நல்ல கனத்த உடம்பு. முன்சீட்டைச் சாய்த்து, அந்தச் சந்தில் பட்டுச்சேலையோடு அத்தையைப் பின்னால் அனுப்புவதற்கே எட்டு நிமிடம் ஆனது. உள்ளே போனதும் அத்தை முழங்காலைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "மருமகனே, காலு எங்கப்பா வைக்கிறது?" என்று கேட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஊர் எல்லை வரை வண்டி பறந்தது. மலை ஏறத் தொடங்கி முதல் கொண்டை ஊசி வளைவில் திருப்பினேன். வளைவின் உட்பக்கம் ரோடு செங்குத்தாக எழும். நாலு பேர் கனத்தில் அமுங்கிப்போன வண்டி அந்த மேட்டில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. அடியிலிருந்து வந்த சத்தத்தில் ஆனந்தி காதைப் பொத்தினாள்.

"எறங்குங்க, கனத்தைக் கொறச்சாப் போயிரும்" என்றேன்.

கவிதா இறங்கினாள். முன்சீட்டைச் சாய்த்து ஆனந்தி இறங்கினாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அத்தையை இழுத்தார்கள். ஆள் குறைந்ததும் வண்டி இரண்டு அங்குலம் எழுந்தது. ஓட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி நின்றேன். மூன்று பேரும் நடந்து வந்து, அத்தை முதலில், மற்றவர்கள் பிறகு என ஏறினார்கள். ஆறு நிமிடம் ஆனது. மிதித்தேன். இருபது வினாடியில் இரண்டாவது வளைவு வந்துவிட்டது. வண்டி வேகமான வண்டி, அதில் குறை சொல்ல முடியாது.

"எறங்குங்க" என்றேன்.

போடிமெட்டு ரோட்டில் மொத்தம் பதினேழு வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பலகைகளை எங்கள் அளவுக்கு நிதானமாகப் படித்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐந்தாவது வளைவில் அத்தையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது எஸ்டேட் வேலைக்குப் போகும் ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே பதினைந்து பெண்கள். டிரைவர் சிலமலைக்காரர், கவிதாவைத் தெரிந்தவர்.

"என்னாக்கா, தம்பி கல்யாணத்துக்கா? வெரசா ஏறுங்க. ரெண்டு பேருக்கு எடம் இருக்கு, கொண்டுபோய் விட்டுர்றேன்."

அந்த ஜீப்பில் இரண்டு பேருக்கு எப்போதுமே இடம் இருக்கும். கவிதா பையை எடுத்துவிட்டாள்.

"வேணாம்ணே, நாங்க கார்லயே வந்துருவோம்" என்றேன். உள்ளே இருந்த ஓர் அம்மா, "இது காரா? நடக்கத் தொணைக்குக் கொண்டாந்த வண்டின்னுல்ல நெனச்சேன்" என்றார். பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "போங்கண்ணே, பின்னாடியே வர்றோம்" என்று கையைக் காட்டினேன். ஜீப் போய்விட்டது. கவிதா என்னைப் பார்த்தாள். பையைத் திரும்ப வண்டிக்குள் வைத்தாள். அதில் ஏறியிருந்தால் ஒன்பது மணிக்குக் கோயிலில் இருந்திருப்பாள். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் பிரபு போன் செய்தான். ஸ்பீக்கரில் மேளச்சத்தத்தோடு அவன் குரல் கேட்டது.

"அக்கா, எங்க இருக்க?"

"ஒம்பதாவது வளைவுலப்பா."

"இன்னும் ஒம்பதுலயா? கார்லதான வர்ற?"

கவிதா போனை வைத்தாள். அத்தைதான் பேசினார். "மருமகனே, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. மொத வளைவுலயே என்னைய எறக்கி விட்டுட்டு நீங்க போயிருந்தா, இந்நேரம் நான் நடந்தே போயி ஒங்களுக்கு எல போட்டு வச்சிருப்பேன்."

பன்னிரண்டாவது வளைவில் இன்னொரு ஜீப் வந்தது. இந்தத் தடவை கவிதா யாரையும் கேட்கவில்லை. நடு ரோட்டில் நின்று கையை நீட்டினாள். ஆனந்தியை ஏற்றி, சேலையைச் செருகிக்கொண்டு தானும் ஏறி, பின்பக்கம் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போனாள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஜீப் திரும்பும் வரை அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அத்தையும் நானும் மிச்சமிருந்த ஐந்து வளைவையும் அதேபோல ஏறி இறங்கிக் கடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

நடந்ததை ஆனந்திதான் சொன்னாள். ஜீப்பிலிருந்து குதித்துக் கவிதா ஓடியிருக்கிறாள். கோயில் வாசலுக்குப் போகும்போதே கெட்டிமேளம் கேட்டிருக்கிறது. நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதில், முடிச்சுப் போட அவளுடைய பெரியப்பா மகள் வசந்தாவை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவிதா உள்ளே போனபோது வசந்தா மூன்றாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாளாம். முந்தின நாள் ஜீப்பில் வந்தவள் வசந்தா.

கவிதா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் ஓர் இலை முன்னால் என்னை உட்காரவைத்து, "சாப்பிடுங்க, லேட்டாயிருச்சு" என்று மட்டும் சொன்னாள். கண் சிவந்திருந்தது.

மறுநாள் ராசிங்காபுரத்துக்குப் போய் அந்தத் தம்பியைப் பிடித்தேன்.

"நான்தான் அடியில குனிஞ்சு பாக்கச் சொன்னேன்ல, அண்ணே?" என்றான். அது நியாயம்தான்.

"அவ்வளவு பக்குவமாக் காய் காயவைக்கிறவன் ஸ்பிரிங்க வெட்டலாமா தம்பி?"

"எந்தக் காய்?" என்று விழித்தான். பிறகு நினைவு வந்து சிரித்தான். "அதாண்ணே? மழையில கால்மிதி நனைஞ்சு வண்டிக்குள்ள ஒரே நாத்தம். ஏலக்காய் போட்டாப் போயிரும்னு சொன்னாக. ஒங்க கடையிலதான் வாங்கிட்டு வந்தேன்."

நான் தரம் பிரித்த காய். அதைப் பார்த்துத்தான் அவனை மெச்சியிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து வண்டியைத் தேனியில் கல்யாணமாகாத ஒரு பையனுக்கு விற்றேன். அவன் சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும், "என்ன, கார்ல வர்றாகளா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் கல்யாண நாளில் நான் கடையிலிருந்து லேட்டாக வந்ததற்கு ஆனந்தியே கேட்டாள். பிரபுவின் மனைவி ரேவதிக்குக் கவிதா ஏதாவது புத்தி சொன்னால், பிரபு குறுக்கே புகுந்து, "முடிச்சுப் போட்ட நாத்தனா சொல்லட்டும், கேப்போம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கவிதா மட்டும் சிரிக்க மாட்டாள். இரண்டு வருடம் அப்படியே போனது.

போன ஆடிப் பதினெட்டுக்கு ரேவதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்குப் பெண்கள் பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றுவார்கள். ரேவதி கயிற்றைக் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கவிதாவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மதினி, மூணு முடிச்சையும் நீங்களே போடுங்க" என்றாள்.

கவிதா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். இரண்டாவதற்கும் அதே போல. ரேவதிக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"வெரசாப் போடுங்க மதினி, அடுப்புல பாலு கெடக்கு."

"இருடி" என்றாள் கவிதா, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. "நான் கார்ல வந்தவ. மெதுவாத்தான் போடுவேன்."