புகைப்படத்தில் உள்ளவாறு இல்லை

மனிதர்கள் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அன்றுவரை எந்த ஆணையும் பிறப்பித்திருக்கவில்லை. அது பெரிய குறைதான். அந்தக் குறையைத் தன் சொந்த முயற்சியால் நீக்கி வைத்தவர், கள்ளக்குறிச்சியில் தனி அலுவலராக இருந்த திருவாளர் ஆதிமூலம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம். டீக்கடையில் உட்கார்ந்தாலும் சலூனில் உட்கார்ந்தாலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதே பேச்சு. அந்தப் பேச்சின் சூட்டில் முளைத்ததுதான் ‘மலைவாழ் மக்கள் அடையாளத் தெளிவுத் தனிப்பிரிவு’. இப்போது போய்த் தேடாதீர்கள், இருக்காது. ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து சாதிச் சான்று கேட்டு வருகிறவர்கள் நிஜமாகவே மலைக்காரர்கள்தானா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. அவர்களையும் சும்மா சொல்லக் கூடாது, பார்ப்பார்கள். பார்த்துவிட்டு இல்லை என்பார்கள்.

சாலம்மாள் மகள் பாப்பாத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனது ஒரு புதன்கிழமை. பாப்பாத்தி ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ முடித்தவள். நர்ஸ் டிரெய்னிங்கில் இடம் கிடைத்து கார்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றோடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு ஊர் அவர்களுடையது. அந்த ஊரில் காய்ச்சல் வந்தால் ஊசி போட ஆள் கிடையாது. சாலம்மாளின் கடைசிப் பிள்ளை அப்படித்தான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே போயிற்று. அதனால் இந்த நர்ஸ் வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை.

டவுனுக்குப் போகிற பெண் மூஞ்சியில் எண்ணெய் வடிய நிற்கலாமா? விடியற்காலை பஸ் ஏறுவதற்கு முன்னால், டப்பாவில் இருந்த பவுடரில் பாதியை மகளுக்குப் பூசி, மீதியில் கொஞ்சம் தானும் பூசிக்கொண்டாள். பெரிய மனுஷர்களைப் பார்க்கப் போகும்போது எல்லாரும் செய்கிறதுதான். நீங்கள் செய்ததில்லையா?

ஆதிமூலம் பாப்பாத்தியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடியும் பாப்பாத்தியைப் பார்த்தார்.

“பேரு?”

“பாப்பாத்திங்க.”

“பேரு பாப்பாத்தி. ஆளும் வெள்ளை. ஆனா மலைவாசி. இதை நான் நம்பணும்?”

“நம்புங்க சார். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து மலைமேலதான் கீறோம்” என்றாள் சாலம்மாள்.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. இந்தப் பிரிவு எதையும் ஆதாரத்தோடதான் தீர்மானிக்கும்.” ஆதிமூலம் பிரம்பை எடுத்துச் சுவரைக் காட்டினார். “அதோ ஆதாரம்.”

சுவரில் ஒரு பெரிய போட்டோ, கண்ணாடிச் சட்டத்தில். போன குடியரசு தின ஊர்வலத்தில் முதல் பரிசு வாங்கிய அலங்கார லாரி. லாரியின் மேல் எட்டுப் பேர் நின்றார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை கரி. இடுப்பில் குரோட்டன்ஸ் இலை, தலையில் கோழி இறகு, கையில் ஈட்டி, வாயில் ஏதோ ஒரு கூச்சல். கீழே ‘நமது மலைவாழ் மக்கள்’ என்று பெயிண்டால் எழுதியிருந்தது.

சாலம்மாள் கிட்டே போய் மோவாயில் கை வைத்துப் பார்த்தாள்.

“இவங்கள்லாம் எந்த ஊரு சார்?”

“உங்க மலைதான்.”

“எங்க மலையா? எங்க சாமியே கரிய ராமரு சார். அவருகூட இவ்ளோ கருப்பு இல்ல. நடுவுல கிரீடம் வெச்சிக்கினு நிக்கிறவரு யாரு?”

“மூப்பன்.”

“மூப்பனுக்கு மூக்குக் கண்ணாடியா?”

ஆதிமூலம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். “பார்வைக் குறைபாடு எல்லாச் சமூகத்திலும் உண்டு” என்றார். பிறகு மனுவின் ஓரத்தில் நிதானமாக எழுதினார்: ‘மனுதாரர் புகைப்படத்தில் உள்ளவாறு இல்லை. நிராகரிக்கப்படுகிறது.’

படியிறங்கும்போது குமாஸ்தா செல்லமுத்து பின்னாலேயே ஓடி வந்தார். நல்ல மனுஷன். ஆனால் நல்லதை மாடிப்படியில்தான் சொல்வார், மாடியில் சொல்லமாட்டார்.

“யம்மா, கோச்சிக்காத. அந்தப் படத்துல இருக்கிறது நாங்கதான். இந்த ஆபீஸ் ஸ்டாப்பு. நான் ரெண்டாவது ஈட்டி. அப்புறம் ஒரு வாரம் காதுலேர்ந்து கரி வந்துக்கினே இருந்தது.”

“அந்த மூப்பன்?”

“சாரேதான். கண்ணாடிய கழட்டுனா லாரியிலேர்ந்து உழுந்துடுவாரு.”

“உங்க சாரு எங்க மலையப் பாத்தாவது இருக்கிறாரா?”

“அடிவாரம் கச்சிராயபாளையம் வரைக்கும் வந்தாரு. மேல வளைவுல வாந்தி வரும்னு அங்கியே நின்னு, அண்ணாந்து பாத்துட்டு, டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டாரு. கள ஆய்வுன்னு பைல்ல இருக்குது.”

பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்த இடத்தில் பவுடர் கரைந்து கோடு கோடாக அவளுடைய சொந்த நிறம் தெரிந்தது. சாலம்மாள் அதைப் பார்த்தாள். பெற்று வளர்த்துப் படிக்கவைத்துக் கொண்டுவந்து நிறுத்திய பெண்ணைவிட, கரி பூசிய குமாஸ்தா மேலா?

“அந்தக் கரிய எங்க வாங்குனீங்க?” என்று கேட்டாள்.

கடைத்தெருவில் மஜீத் பாயின் ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பவுடர் முன்பக்கம். நாடகத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிற கிரீடம், கதாயுதம், தாடி பின்பக்கம். சாலம்மாள் விஷயத்தைச் சொன்னதும் பாய் வாயைப் பிளந்தார்.

“அல்லாவே! யம்மா, நீ நீயா ஆவறதுக்கு என்கிட்ட சாயம் கேக்கறியா?”

“நான் நானா இருந்தா ஆபீசுல ஒத்துக்க மாட்றாங்க பாய். அவங்க பூசுன அதே கரிய எடுங்க. ஒரு குறை இருக்கக் கூடாது.”

“இருக்குது, நெறைய இருக்குது. கருப்பு வருஷத்துல ஒரு நாளுதாம்மா போவும், ஜனவரி இருவத்தாறு. அப்புறம் எவனும் சீண்டமாட்டான். வெள்ளப் பவுடருதான் டெய்லி ஜாஸ்தி.” அவர் கரித்தூளில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் குழைத்தார். “இலை பத்து கம்மியா கீது. பரவால்லியா?”

“புடவை மேல கட்டிக்கிறோம் பாய். அந்த எட்டுப் பேரு மாதிரி எங்களால நிக்க முடியாது.”

இதற்கிடையில் மதியத் தபாலில் தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. யாரோ ஒரு படித்தவர், பத்திரிகையில் அந்த லாரிப் படத்தைப் பார்த்து மனம் நொந்து மனு எழுதியிருக்கிறார். நியாயமான மனுதான். அரசாங்கமும் உடனே நியாயத்தை நம்பர் போட்டு அனுப்பிவிட்டது: ‘மலைவாழ் மக்களைப் போல் உடலில் கருஞ்சாயம் பூசி வேடமிடுதல் அம்மக்களை இழிவுபடுத்தும் செயலாகும். பூசியோர், பூசத் தூண்டியோர், பூசியதைக் கண்டும் காணாதிருந்தோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். படத்திலுள்ள நபர்களின் விவரத்தை நாளை மாலைக்குள் அனுப்பவும்.’

ஆதிமூலம் இதை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது கீழே மண்டியில் மூட்டை விழுகிற சத்தமும், “ஐயோ, ஐயோ” என்ற அலறலும் கேட்டன. படியேறி வந்தார்கள் சாலம்மாளும் பாப்பாத்தியும். கரியென்றால் கரி, கண்ணும் பல்லும் தவிர மிச்சமில்லை. தலையில் இறகு, புடவை மேல் இலை. சாலம்மாள் கையில் ஈட்டி வேறு.

“இப்ப பாருங்க சார். படத்துல உள்ளவாறு இருக்கோமா?”

“அய்யய்யோ! கழுவு! மொதல்ல போயிக் கழுவு!” ஆதிமூலம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“காலைல கருப்பு இல்லன்னீங்களே.”

“அது காலைல! இப்ப சர்க்குலர் வந்துடுச்சி. கரி பூசறது மலைவாழ் மக்களை அவமானப்படுத்தறது. உன் மேல நடவடிக்கை எடுக்கணும்.”

“எடுங்க. நான் யாரை அவமானப்படுத்திட்டேன்?”

“மலைவாழ் மக்களை.”

“அது யாரு சார்?”

ஆதிமூலம் வாயைத் திறந்தார். “நீ” என்று வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, வாயை மூடிக்கொண்டார்.

சாலம்மாள் ஈட்டியைத் தரையில் ஊன்றினாள். “நான் மலைக்காரி இல்லன்னா என் மேல கேசு எழுதுங்க. அப்படியே அந்தப் படத்துல நிக்கிறவங்க மேலயும் எழுதுங்க. மூக்குக் கண்ணாடிலேர்ந்து ஆரம்பிங்க. நான் மலைக்காரின்னா, என் மூஞ்சி, என் கரி, கேக்கறதுக்கு ஆளு கெடையாது. எது சார் உங்களுக்கு வசதி?”

செல்லமுத்து மெல்லச் சுற்றறிக்கையின் பின்பக்கத்தைத் திருப்பி, தொண்டையைக் கனைத்தார். மாடியில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

“சார், நாலாவது பாரா இருக்குது. ‘பாதிக்கப்பட்ட மலைவாழ் நபர் எவரேனும், தாம் மனம் புண்படவில்லை என எழுத்து மூலம் உறுதியளிப்பின், நடவடிக்கையைக் கைவிடலாம்.’”

ஆதிமூலம் மேஜையைத் தட்டினார். “அப்படிப் போடு! ஒரு மலைவாழ் நபரைக் கூப்பிடு!”

“‘அந்நபர் உரிய சான்று பெற்றவராக இருத்தல் அவசியம்.’”

“கூப்பிடுய்யா, சான்று வாங்குன ஒருத்தரை!”

“நாம இதுவரைக்கும் யாருக்கும் குடுக்கலியே சார். ஒருத்தரும் படத்துல உள்ளவாறு இல்ல.”

ஆறு நிமிஷம். கல்வராயன் மலைக்காரர்களின் பெயரில் அதுவரை ஆறு வருஷமாய் நகராத பைல்கள் உண்டு. பாப்பாத்தியின் சான்று ஆறே நிமிஷத்தில் தட்டச்சாகி, கையெழுத்தாகி, மேஜைமேல் வந்து நின்றது. ஆதிமூலம் சீலை மையில் ஒற்றிக்கொண்டே குழைந்தார். “உங்களுக்கு மனசு புண்படலதானேம்மா?”

“சீல் உழுந்தப்புறம் சொல்றேன்.”

சீல் விழுந்தது. சாலம்மாள் சான்றை வாங்கி, கரி படாமல் இலையில் சுற்றி, மகளின் பைக்குள் வைத்தாள்.

“புண்பட்டுதுதான் சார்” என்றாள். “நீங்க கரி பூசிக்கினு ஆடுனதுக்கு நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். எம்பொண்ணு எதிர்ல நிக்கிது, நீங்க அதப் பாக்காம செவுத்தப் பாத்தீங்களே. அதுதான் எரிச்சல். பரவால்ல, குடுங்க. எம்பொண்ணு கையெழுத்துப் போடுவா.”

பாப்பாத்தி போட்டாள். அந்தப் பிரிவின் எட்டு உத்தியோகமும் பிழைத்தன.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் லாரிப் படத்தை அவசரமாகக் கழற்றி ஒளித்ததில் சுவரில் ஆணி காலியாகிவிட்டதே! காலி ஆணியை அரசு அலுவலகம் தாங்காது. “உண்மையான மலைவாழ் மக்களோட ஒரு போட்டோ எடுத்து மாட்டிடுவோம், மேலதிகாரி வந்தா பார்க்கட்டும்” என்றார் ஆதிமூலம். ஸ்டூடியோக்காரர் வந்தார். சாலம்மாளும் பாப்பாத்தியும் மண்டிக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள்.

“லைட்டு பத்தாது. எல்லாரும் கொஞ்சம் பவுடர் போட்டுக்குங்க” என்றார் ஸ்டூடியோக்காரர்.

சாலம்மாள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். முதலில் மகளுக்கு, பிறகு தனக்கு. “கொஞ்சம் இப்படிக் குடும்மா” என்று ஆதிமூலம் கை நீட்டினார். அவரிடமிருந்து செல்லமுத்துவுக்கு. அப்படியே வரிசையாகப் போய்க் கடைசி ஆள் டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தார். கரி பூசியதற்குச் சுற்றறிக்கை வந்த அதே அறையில், அதே நாளில், வெள்ளை பூசியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. படத்தில் பத்துப் பேரும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்திருந்தார்கள். யார் மலை, யார் தரை என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. கீழே ‘நமது மலைவாழ் மக்கள்’ என்று எழுதி அதே ஆணியில் மாட்டினார்கள்.

பாப்பாத்தி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆறு மாசம் கழித்து, தங்கும் விடுதியிலிருந்து ஊசி போடப் பழகிவிட்டதாகக் கடிதம் எழுதினாள். சாலம்மாள் அதை ஊர் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அந்த வாரம்தான் அவள் தம்பி பிச்சைமுத்து, தன் பையனுக்குச் சான்று வாங்கக் கள்ளக்குறிச்சி போய்விட்டு வந்தான். ஆதிமூலம் மாற்றலாகி, அங்கே புது அலுவலர். பிச்சைமுத்து சாமைக் கொல்லையில் வெயிலில் நின்று உழைக்கிறவன். வந்தவன் துண்டை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

“இன்னாடா சொன்னாங்க?”

“இல்லன்னுட்டாங்கக்கா. படத்துல உள்ளவாறு இல்லியாம். மலைக்காரங்க இவ்ளோ கருப்பா இருக்கமாட்டாங்களாம்.”

“எந்தப் படம்டா?”

“நீயும் பாப்பாத்தியும் வெள்ளையா பல்லக் காட்டிக்கினு நிக்கிறீங்களே, அந்தப் படந்தான்.”

சாலம்மாள் யாரையாவது நாலு வார்த்தை நாறத் திட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். யாரைத் திட்டுவது என்று புலப்படவில்லை. பிறகு உள்ளே போய், அலமாரி மேலிருந்த புது டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மூஞ்சியக் காட்டு” என்றாள் தம்பியிடம்.