இருபத்து நாலு குமிழும் ஓர் அலமாரியும்

அன்பும் அடக்கமும், முக்கியமாக அக்காவிடம் எதையும் உளறாத நாக்கும் கொண்ட என் மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என் லேத் மிஷினை நீ ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடாமே? வராதே, மச்சான். டயர் பஞ்சர் என்று சொல், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல், என்னத்தையாவது சொல். அந்த மிஷின் போய்விட்டால் அப்புறம் நான் எதற்குக் காலையில் எழுந்திருக்க வேண்டும்? போனில் பேசலாம் என்றால் உன் அக்காவின் காது எப்பேர்ப்பட்டது என்று உனக்கே தெரியும். அதனால்தான் உங்கள் ஊருக்கு வரும் தச்சர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். ரிடையர் ஆன கையோடு நான் மரம் கடையக் கற்றுக்கொண்டதும், பின்பக்கத்துச் சின்ன அறையில் லேத்தை வைத்ததும் உனக்குத் தெரியும். உளிகளுக்கு மட்டும் ஓர் இடம் அமையவில்லை, அவை பாட்டுக்குக் கட்டிலடியிலும் குடைக்கூடையிலும் பிரிட்ஜ் மேலேயும் இருந்தன, நானும் தேவைப்பட்டபோது தேடி எடுத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், போன மாதம் வாடகை வாங்க வீட்டுக்காரம்மா வந்து நம் சோபாவில் உட்கார்ந்து அதைவிட வேகமாக எழுந்திருக்கும்வரை. மெத்தைக்கடியில் முக்கால் அங்குல உளி. அந்தம்மா போனதும் உன் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இதோ பாருங்க, அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள இந்தக் கண்றாவியெல்லாம் ஒரு அலமாரிக்குள்ள போயிருக்கணும். வெளியில ஒரு உளி கண்ணுல பட்டுச்சு, தம்பிய வண்டியோட வரச் சொல்லி மிஷினக் குடுத்து அனுப்பிருவேன். ஆமா, சொல்லிட்டேன்!"

சரி, அலமாரிதானே, முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்று உடனே ஆரம்பித்தேன். முதலில் குமிழ். இழுப்பறையை இழுக்கக் கைப்பிடி வேண்டுமல்லவா? ஆறு குமிழ் போதும் என்று உட்கார்ந்தேன். முதல் குமிழ் அம்சமாக வந்தது. இரண்டாவது அதைவிட ஒரு மயிரிழை சின்னது. அதற்கு ஜோடியாக இன்னொன்று, அது கொஞ்சம் பருமன், அதற்கு ஜோடியாக இன்னொன்று என்று போய், நிமிர்ந்து பார்த்தால் மூன்று வாரம் ஓடிவிட்டது, மேஜைமேல் இருபத்து நாலு குமிழ். தச்சர் எட்டிப் பார்த்தார்.

"சார், அலமாரி எங்க?"

"குமிழ் ரெடிங்க."

"அதான் தெரியுதே. எதுல மாட்டப் போறீங்க? காத்துலயா?"

இருபத்து நாலையும் பெற்ற பிள்ளை மாதிரி கடைந்துவிட்டு, பதினெட்டைத் தூக்கிப் போட மனசு வருமா மச்சான்? குமிழ் இருபத்து நாலு, ஆகவே இழுப்பறையும் இருபத்து நாலு என்று தீர்மானமாயிற்று. சுவரை அளந்தேன், ஜன்னலை அளந்தேன், கதவு திறக்கும் வாகை அளந்தேன், குமிழை நாலு தடவை அளந்தேன். கதவு இடிக்காமல் அந்தச் சுவருக்குள் இருபத்து நாலையும் அடக்கியதில் ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் என்று வந்தது. பலகையைத் தச்சர் அறுத்துக் கொடுக்க, நானே பூட்டி, உப்புத்தாள் போட்டு, மெருகு ஏற்றி இன்று காலை நிமிர்த்தி வைத்தேன். என்ன அழகு, என்ன அழகு! இருப்பதிலேயே குட்டையான உளியை எடுத்து முதல் இழுப்பறையில் வைத்தேன். பாதி உளி வெளியே நின்றது. ஊரார் நிலத்தையெல்லாம் ஓர் அங்குலம் பிசகாமல் அளந்தவன், சொந்த உளியை அளக்கவில்லை.

தச்சர் கூசாமல் சொல்கிறார், "உளியோட கைப்பிடிய அறுத்துரலாம் சார்." அத்தனை கைப்பிடியும் நான் கடைந்தது! "ஒங்க கைய அறுங்க மொதல்ல" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் உன் அக்கா டீயோடு நிற்கிறாள். மூன்று நாளாக என்னோடு பேசாதவள். ஒரு குமிழைப் பிடித்து இழுத்தாள், உள்ளே பார்த்தாள், மூடினாள். இன்னொன்றை இழுத்தாள். அப்புறம் மெதுவாக, "இது... எனக்காங்க?" என்றாள். மச்சான், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எவனால் முடியும்? "பின்ன யாருக்கு? ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் நூல்கண்டு, பொத்தான், சாவி, மாத்திரை எல்லாம் உள்ளே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே குறுகுறுவென்று இருக்கிறது.

இப்போது உளிகளுக்கு ஒளிய இடம் இல்லை. ஆகவே தச்சரோடு ஒரு சாக்கு மூட்டை வரும். அதை உன் பரண்மேல் போட்டு, நான் வரும்வரை வாயைத் திறக்காமல் இரு. நீ நூறு வயசு நன்றாக இருப்பாய், உன் வீட்டுக் கதவெல்லாம் ஒட்டாமல் மூடும், உன் பிள்ளைகள் எதையும் அளந்து செய்வார்கள்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தச்சர் வாசலிலேயே கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டார். வண்டி, ஏற்பாடு எதுவும் புரியாமல் முழிக்காதே, நான் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லையே. சும்மா அவரை மிரட்டினேன். ஒவ்வொரு இழுப்பறையின் உள்ளேயும் "அரை அங்குல உளி", "முக்கால் அங்குல உளி" என்று உன் அத்தான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் "எனக்கா" என்று கேட்டேன். என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று. அழிக்காமல் விட்டவர் பொய்யை மட்டும் அவ்வளவு அழகாகச் சொன்னார், எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. லேத் எங்கேயும் போகாது. ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வண்டியோடு வந்து வாசலில் நிறுத்து, அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். வண்டியில் சாக்கு மூட்டையும், உளி நீளத்துக்கு நாலு பலகையும் இருக்கட்டும். இன்னொன்று: பெருக்கும்போது கட்டிலடியில் இருபத்தைந்தாவது குமிழ் ஒன்று கிடைத்தது. அவர் கண்ணில் பட்டால் அதற்கும் ஓர் அலமாரி கிளம்பிவிடும். ஒளித்து வைத்திருக்கிறேன், மூச்சு விடாதே.