தன் மேலேயே புகார் கொடுத்த 'வேணாம்' டாக்டர்

வந்த பிழைப்பை வாசலோடு திருப்பி அனுப்பிய ஒரே தோல் டாக்டர், நாவலூரில் மட்டுமல்ல, பூலோகத்திலேயே அவர்தான். பெயர் போர்டில் இருந்தது, யாரும் படித்ததில்லை. எங்களுக்கு அவர் 'வேணாம்' டாக்டர்.

ஐ.டி. கம்பெனிக்காரர்கள் உதட்டை உப்பவைக்கவும் மூக்கைக் கூர்மையாக்கவும் வருவார்கள். "வேணாம். போய் நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பிவிடுவார். வழுக்கைக்கு ஊசி கேட்டுப் போன என்னிடம், "மண்டை நல்ல ஷேப்பு சார், எதுக்கு மறைக்கிறீங்க?" என்றார். எதிரே இருந்த அழகு கிளினிக்கில் டோக்கன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரையும் அசைத்தவள், எங்கள் தெருவில் மீன் விற்கும் கோவளம் ஸ்டெல்லா. அவளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது.

"டாக்டரே, மூஞ்ச கொஞ்சம் பளிச்சுனு பண்ணி வுடு."

"வேணாம்மா. நல்லாத்தானே இருக்க?"

"நீ பண்ணலன்னா எதிர்ல கீற கடைக்குப் போறேன். அங்க இன்னாத்த தடவுவானோ!"

டாக்டர் பயந்துவிட்டார். தானே மருந்து தடவி முகத்தோலை லேசாக உரித்துவிட்டார். வெயிலில் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னார். மறுநாள் படகு கரைக்கு வந்தால் ஸ்டெல்லா வெயிலில் மீன் ஏலத்துக்குப் போகாமல் இருப்பாளா? கன்னத்தில் கறுப்பாகத் திட்டு விழுந்தது.

"வுடு டாக்டரே, பவுடர் அடிச்சா தெரியாது" என்றாள். டாக்டர் விடவில்லை. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தார், தன் மேலேயே.

விசாரணைக்கு ஸ்டெல்லாவோடு நானும் துணைக்குப் போனேன்.

"புகார் கொடுத்தது யாரு?" என்றார் விசாரித்த அதிகாரி.

"நான்."

"யார் மேல?"

"என் மேலதான் சார். வெயில்ல நிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சே பண்ணேன்."

"அவரு மேல தப்பே இல்ல சார், நான்தான் பேஜார் பண்ணேன்" என்று ஸ்டெல்லா குறுக்கே புகுந்தாள். டாக்டர் அவளை அடக்கிவிட்டு, தனக்கு எதிராகத் தானே வாதாடி வெளுத்து வாங்கினார். ஜெயித்தும்விட்டார். சில மாதங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவானது.

அந்த மாதங்களில் டீக்கடையில் யாராவது சொறியைக் காட்டினால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வார். ஸ்டெல்லாவை வேறு டாக்டரிடம் அழைத்துப் போய், தான் வெளியிலேயே நின்றார். எதிர் கிளினிக்கிலிருந்து முகம் வீங்கி வெளியே வந்தவர்களுக்குப் புகார் கொடுக்க வெட்கம்; அதனால் அது ஜோராக நடந்தது.

தடை முடிந்த காலை, ஸ்டெல்லா முதல் ஆளாக நிற்க, அவர் வாசலில் கூட்டமான கூட்டம். என் முறை வந்தது.

"உங்களுக்கு என்ன சார்?"

எனக்கு ஒன்றுமில்லை. அவர் அந்த நாற்காலியில் டாக்டராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.